இரண்டு அரசாங்கங்களும் ஒரு கலியாணமும்

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து மண்டபத்தில் காணி அலுவல்களுக்கான நடமாடும் சேவை நடந்தது. அன்றுதான், சட்டத்தின் கண்ணில் எனக்குப் புருசன் இல்லை என்பது மறுபடி நினைவுக்கு வந்தது. தெரியாத சங்கதியல்ல. கூரையில் ஒழுக்கு இருப்பது தெரிந்தும் மழை வரட்டும் பார்க்கலாம் என்று விட்டுவைப்பதில்லையா, அப்படி விட்டுவைத்திருந்த சங்கதி.

எங்கள் வயல் முத்தையன்கட்டுக் குளத்து வாய்க்கால் தண்ணீரில் விளைகிறது. என் மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரத்தில் செய்த வயல். அவருக்குப் பின் அது என் கணவரின் பெயருக்கு மாறியது. அப்படிப்பட்ட காணியை விற்க முடியாது. ஆனால் தனக்குப் பின் அது யாருக்கு என்று பதிந்து வைக்கலாம். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

காணி உத்தியோகத்தர் வவுனியாவிலிருந்து வந்த இளம் பெண். மரியாதையான பிள்ளை. கோப்பைப் புரட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இன்னொரு தரம் புரட்டினாள்.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. சட்டப்படி நீங்கள் அவருக்கு ஆர்?"

என் கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருக்கு இடது காது கேட்காது. எங்கே போனாலும் வலது காது என் பக்கம் வரும்படி பார்த்துத்தான் உட்காருவார். அன்று உத்தியோகத்தர் அவருக்கு இடது பக்கம் இருந்ததால், அந்தப் பெண்ணின் வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"என்ன கேக்கிறா?"

"பிறகு சொல்லுறன்," என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தி விளக்கினாள். பதிவுத் திருமணம் இருந்தால் மனைவி என்று எழுதலாம். இல்லாவிட்டால், அவருக்கு ஏதாவது நடந்தால் அந்தக் காணியைப் பொறுத்தவரை நான் யாரோ. மகளுக்கு எழுதலாம்தான். ஆனால் அவளுடைய பிறப்புப் பதிவிலும் சிக்கல் இருக்கிறது. "ஒருக்கா எழுதிப் போட்டு வாங்கோ ரீச்சர். பெரிய வேலை இல்லை," என்றாள்.

பெரிய வேலை இல்லை என்பது உண்மைதான். அதைச் செய்யாமலே மகளுக்குப் பதினெட்டு வயதாகியிருந்தது.

எங்களுக்கு ஒரு தரம் எழுத்து நடந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவை எழுத்து என்றுதான் சொல்வோம். அப்போது எங்கள் ஊரை ஆண்டது, ஆயுதம் ஏந்திச் சண்டை பிடித்த இயக்கம். அவர்களுக்குத் தனியாகப் பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வங்கி இருந்தது. அதே நேரம் பள்ளிக்கூடப் புத்தகங்களும் கச்சேரியில் இருந்த அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளமும் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஒரே தெருவில் இரண்டு அரசாங்கங்கள் நடந்தன. எந்த அலுவலுக்கு எந்தக் கந்தோர் வாசலில் நிற்பது என்று எங்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை. கோழி களவு போனால் இயக்கத்திடம். ஆசிரியர் இடமாற்றம் என்றால் கொழும்பின் ஆட்களிடம்.

அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள், சபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் முழுதாக வருவதில்லை. இருட்டிய பின்னும் பெண்பிள்ளைகள் தனியே சைக்கிளில் வீடு திரும்பினோம், ஒருவர் ஒரு சொல் சொல்லத் துணியவில்லை. அதே நாங்கள் ஊர் எல்லையைத் தாண்டுவதென்றால் அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். ஏன் போகிறாய், எப்போது வருவாய், உனக்குப் பதிலாக யார் பொறுப்பு நிற்பது. பிறகு சண்டை இறுகியது. பாதை பூட்டப்பட்டது. சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் தர வேண்டும் என்றார்கள்.

நான் உயர்தரம் பாஸ் பண்ணிவிட்டு, கம்பஸில் மேலே படிக்கப் போகும் வழி தெரியாமல், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டராசிரியையாக இருந்தேன். வீட்டில் எனக்குப் பின் சின்னத் தம்பி. போகப்போவது யார் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. கலியாணம் கட்டினவர்களை எடுக்க மாட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அப்போதைக்கு அது உண்மையாகவும் இருந்தது.

ஒரு நாள் குசினிக்குள் நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். என் தகப்பனார், ஐயா, வாசற்படியில் நின்றபடி சொன்னார்.

"நாளையிண்டைக்கு எழுத்து."

"ஆருக்கு?" என்று கேட்டேன்.

"உனக்கு."

அவ்வளவுதான். மாப்பிள்ளை யார் என்று அம்மாதான் பிறகு சொன்னா. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ட்ரக்டரில் மணல் கொண்டுவந்து பறித்த பொடியன். எனக்கு அவரைத் தெரியும் என்றால், மணல் பறிக்கும்போது பிள்ளைகள் கிட்டே வராமல் கத்துகிற ஒரு குரலாகத் தெரியும்.

இயக்கத்தின் பதிவுக் கந்தோரில் ஓர் இளைஞன் எழுதினான். என் கணவரைவிட வயது குறைவாக இருக்கும். முத்து முத்தான கையெழுத்து. பெயரைக் கேட்டான், ஊரைக் கேட்டான், வயதைக் கேட்டான். விருப்பமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஐயா பக்கத்தில் நின்றார். சீதனம் கேட்கிறவர்களைத் தண்டிக்கிற சட்டம் அவர்களிடம் இருந்தது. பெண்ணின் சம்மதத்தைப் பற்றியும் அதில் எங்காவது ஒரு வரி இருந்திருக்கலாம். நாங்கள் பயந்ததும் அவர்களுக்குத்தான், பயம் தீர ஒதுங்கியதும் அவர்களிடம்தான். எழுதி முடித்ததும் அவன் எழுந்து நின்று, "நல்லா இருங்கோ," என்றான். மனதாரச் சொன்னான். அவனுக்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பிள்ளையார் கோயிலில் மஞ்சள் கயிற்றில் தாலி. அதற்கடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போனேன்.

கலியாணம் கட்டினவர்களுக்கு இருந்த விலக்கும் பிறகு இல்லாமல் போனது. அதற்குள் மகள் பிறந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நகர்ந்த நாட்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். முள்ளிவாய்க்காலில் பக்கத்தில் ஷெல் விழுந்தபோது அவர் மகளை வயிற்றோடு சேர்த்து, ஆமை மாதிரி அவள்மேல் கவிழ்ந்து கிடந்தார். அன்றோடு அவருடைய இடது காது போனது. மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் எழுத்துப் பத்திரம் இருந்த பை அங்கேயே கிடந்துபோனது.

சண்டை முடிந்தபின், முள்ளுக்கம்பிக்குள் இருந்த முகாமில்தான் மகளின் பிறப்பைப் பதிந்தோம். இந்த முறை கொழும்பு அரசாங்கத்திடம். பதிகிறவர் களைத்துப்போன மனிதர். வரிசை அவருக்கு முன்னால் முடிவில்லாமல் நின்றது. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று கேட்டார். ஓம் என்றோம். எங்கே பதிந்தது என்றார். சொன்னோம்.

"அவையள் எழுதினது செல்லாது அம்மா," என்றார். இல்லை என்று எழுதினார்.

என் கணவர் மகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தார். பின்னேரம், கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்றவரின் முதுகைப் பார்த்தபடி சொன்னார்: "கலியாணம் கட்டாத ஒருத்தன்ர பிள்ளையையோ நான் வயித்துக்க வைச்சுக் காப்பாத்தினனான்?"

வரிசை நகர்ந்தது, நான் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால் நகர்ந்தேன்.

ஊர் திரும்பியபின் எங்களைப் போன்ற சோடிகள் பலர் மறுபடி எழுதிக்கொண்டார்கள். சிலர் அதைப் பகிடியாகவே எடுத்து, இரண்டாம் தரமும் கேக் வெட்டினார்கள். இவர் மட்டும் மாட்டேன் என்றார். "இன்னொருக்கா எழுதினா, முந்தி எழுதினது பொய் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி," என்பார். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததற்கு என்னிடம் வேறொரு காரணம் இருந்தது. அந்த முதல் எழுத்தை அவர் ஏன் அவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை. இருவருமே ஒரு பயத்துக்குப் போட்ட கையெழுத்து அது. அந்தப் பயம் இல்லாதிருந்தால் அவர் என்னைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டுத் தெளிய மனமில்லை. நல்ல மனிதரோடு நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருக்கும்போது அதைக் கிளறுவானேன்?

காணி உத்தியோகத்தர் கேட்டதை அன்று வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நீர் எனக்கு ஆர் எண்டோ கேட்டவா?"

"ஓம்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. நாங்கள் சொல்லுறது அவவின்ர கடதாசியில ஏறாதே."

மகள் சிரித்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் இருந்த நேரம் அது. தன் பிறப்புப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாங்கள் ஒளித்ததில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்ததுமில்லை.

"அப்பா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றாள். "நான் பொறுப்பா நிண்டு உங்களைக் கட்டிக் குடுக்கிறன். அம்மா நல்ல குடும்பத்துப் பொம்பிளை, விசாரிச்சுப் பாத்திட்டன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "சரி, எழுத்துக்கு அறிவித்தல் குடுப்பம்," என்றார். என் பெயர் காணியில் ஏற வேண்டும் என்பதுதான் அவரை அசைத்தது. அவர் இல்லாத ஒரு நாளில் நான் ஏதோ ஒரு கந்தோர் வாசலில் நின்று, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தடுமாறுவதை அவர் மனதில் கண்டிருக்க வேண்டும்.

அந்தக் கிழமை பத்தாம் வகுப்பில் குடியுரிமைக் கல்விப் பாடம். ஆட்சி முறைகள். ஒற்றையாட்சி, கூட்டாட்சி, சனாதிபதி முறை, பாராளுமன்ற முறை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டு போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், முந்தி இஞ்ச இருந்தது இதில எது?"

வகுப்பே என்னைப் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் சண்டை முடிந்தபின் பிறந்தவர்கள். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. கதவு திறந்திருந்தது. அதைப் பார்த்ததும், யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று எனக்குள் ஒரு பழைய பயம் எட்டிப் பார்த்தது. அது எந்த அரசாங்கம் பழக்கிவிட்ட பயம் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் பழக்கியிருக்கும்.

"ஒரு ஆட்சியைப் பாத்து ரெண்டு கேள்வி கேளுங்கோ," என்றேன். "எனக்கு அது என்ன தருது? அதுக்கு நான் மாட்டன் எண்டு சொல்லலாமோ? முந்தி இருந்தவை சிலதைத் தந்தவை. மாட்டன் எண்டு சொல்ல ஏலாது. இப்ப இருக்கிறதையும் நீங்களே கேட்டுப் பாருங்கோ."

அவள் அதைக் கொப்பியில் எழுதப் போனாள். "அது சோதினைக்கு வராது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

பதிவுக்குக் குறித்த நாளில் ஒட்டுசுட்டானுக்குப் போனோம். சாட்சிகளாக மகளும், என் கணவரின் பள்ளித் தோழர் ஒருவரும். தோழர் முள்ளியவளையில் புடைவைக் கடை வைத்திருக்கிற முஸ்லிம். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு இயக்கம் முஸ்லிம்களை வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது அவருடைய குடும்பம் புத்தளத்துக்குப் போனது. சண்டை முடிந்து அவர் திரும்பி வந்தபோது, தலை நரைக்கத் தொடங்கிய இரண்டு ஆம்பிளைகள் சந்தைக்கு நடுவில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கட்டிப்பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவாளர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர். பெற்றோரின் கலியாணத்துக்குப் பிள்ளை சாட்சி என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி மகளைப் பார்த்தார். பதினெட்டு முடிந்ததா என்று உறுதிப்படுத்தினார். பிறகு விபரங்களை வாசித்தார். பெயர், தொழில், வதிவிடம். "விவாக நிலைமை: இருவரும் விவாகமாகாதவர்கள்."

அந்தச் சொல் என் கணவரின் காதில் சரியாக விழுந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"ஐயா, என்ர பிள்ளை இஞ்ச நிக்குது," என்றார். "அவவுக்கு முன்னால நான் எப்பிடி விவாகமாகாதவன் எண்டு கையெழுத்து வைக்கிறது?"

"அது சட்டச் சொல்லுத் தம்பி..."

"அந்தச் சட்டம் என்னைப் பொய் சொல்லச் சொல்லுது."

கத்தவில்லை. கைகூப்பிவிட்டு வெளியே போய்விட்டார். பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "இன்னொரு நாளைக்கு வாங்கோ ரீச்சர், நான் இஞ்சதான் இருப்பன்," என்றார்.

வீதிக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. அவர் அங்கே இருந்தார். நாங்கள் மூவரும் போய்ச் சுற்றி உட்கார்ந்தோம். தோழர்தான் முதலில் கதைத்தார்.

"மச்சான், ஒண்டு சொல்லட்டே? கோவிக்காத."

"சொல்லு."

"உன்ர கலியாணத்தை எழுதினவைதான் எங்களை ஊரை விட்டு எழும்பச் சொன்னவை. அந்தக் கந்தோரில அவை உனக்கு எழுதேக்க, என்ர வாப்பா புத்தளத்தில கிடுகுக் கொட்டிலுக்க இருந்தார். ஊருக்கு வந்து சாக வேணும் எண்டு கேட்டுக்கேட்டே அங்க மௌத்தானவர். அவையின்ர கையெழுத்துக்காக நீ இவ்வளவு மானம் பாக்கேக்க எனக்கு மனசு ஒருமாதிரி இருக்கு."

என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. "நான் அவைக்காகப் பாக்கேல்லையடா," என்றார்.

"தெரியும். அதாலதான் சொல்லுறன். நீ கட்டினது ஒரு அரசாங்கத்தை இல்லை. தங்கச்சியை. அரசாங்கம் வரும், போகும், எழும்பு எண்டும், இரு எண்டும். அதுகள் எழுதுறதையும் அழிக்கிறதையும் வைச்சோ நீ தங்கச்சியோட இருந்தனி?"

மகள் அந்த மாமாவின் தட்டிலிருந்த வடையில் பாதியைப் பிய்த்து எடுத்துச் சாப்பிட்டாள். அவர் மீதிப் பாதியையும் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்று பின்னேரம் அவர் வாய்க்கால் கரைக் கட்டில் இருந்தார். தேடிக்கொண்டு போய், அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். வயலில் பயிர் முழங்கால் உயரம். எதிர்க்கரையில் கொக்குகள்.

"அவன் சொன்னது சரிதான்," என்றார். "ஆனா எனக்கு வேற ஒரு கணக்கு இருக்கு. முதல் தரம் ஒரு அரசாங்கத்துக்குப் பயந்து கட்டினம். இப்ப இன்னொரு அரசாங்கம் கேக்குது எண்டு கட்டப் போறம். எங்களுக்கெண்டு நாங்கள் எப்ப கட்டுறது?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். நெஞ்சுக்குள் இருந்ததைக் கேட்டுவிட இதைவிட வேறு நேரம் கிடையாது என்று பட்டது.

"அந்தப் பயம் இல்லாட்டி நீங்கள் என்னைக் கட்டியிருப்பியளோ?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். அந்த வயதில் ஓர் ஆம்பிளை வெட்கப்படுவதைப் பார்ப்பது அழகாக இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு மணல் தேவைப்படேல்லை," என்றார்.

"என்ன?"

"அதிபர் போதும் போதும் எண்டு சொல்லச் சொல்ல நான் பறிச்சுக்கொண்டுதான் இருந்தனான். நீர் அந்த வேப்பமரத்துக்குக் கீழ சின்ன வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக் குடுப்பீர். உம்மட ஐயா வந்து கேட்டவுடன நான் மூச்சு விடாமல் ஓம் எண்டிட்டன். பிறகுதான் யோசிச்சனான், உம்மை ஆர் கேட்டது எண்டு. ஊரே பயத்தில ஓடிக்கொண்டிருக்கேக்க எனக்கு மட்டும் அது வாய்ப்பாப் போச்சு. அது எனக்கு இப்பவும் குத்தும். அந்த எழுத்துப் பொய் எண்டு போட்டா, பிறகு நான் உம்மை எப்பிடிக் கூட்டிக்கொண்டு வந்தனான் எண்டு எனக்கே சொல்லத் தெரியாது."

இத்தனை வருடமும் ஒரே பாயில் படுத்து, ஒரே பதுங்குகுழியில் ஒடுங்கி, ஒரே வரிசையில் கஞ்சிக்கு நின்ற இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்ததைப் பாருங்கள். அவர் என் மனதைக் கேட்கவில்லையே என்று அவருக்குக் கவலை. அவருக்கு என்மேல் மனமே இருக்கவில்லையோ என்று எனக்குக் கவலை.

"அப்ப நான் கேட்டிருந்தா நீர் என்ன சொல்லியிருப்பீர்?" என்றார்.

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். எனக்குக் கம்பஸுக்குப் போக வேணும் எண்டுதான் இருந்தது."

அவர் தலையை ஆட்டினார். அதை அவர் எப்போதோ ஊகித்திருக்கிறார் என்று தெரிந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். வாய்க்கால் கட்டில், பகல் வெளிச்சத்தில், ஆட்கள் போய்வருகிற இடத்தில். அதற்கு முன் நான் அப்படிச் செய்ததில்லை.

"இப்பக் கேளுங்கோ," என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, மணல் பறிக்கும்போது கத்துகிற குரலில் இல்லை, நான் அறிந்த எல்லாக் குரல்களிலும் தாழ்ந்த ஒரு குரலில் கேட்டார்.

"என்னைக் கட்டச் சம்மதமோ?"

"ஓம்," என்றேன்.

மறுபடி ஒட்டுசுட்டானுக்குப் போனபோது வைகாசி பிறந்திருந்தது. நாளை இந்த முறை அவரே குறித்தார். யாருடைய அவசரத்துக்கும் இல்லை, எங்கள் இருவருக்கும் வசதியான ஒரு வெள்ளிக்கிழமை. மகள் எனக்குப் பூ வைத்துவிட்டாள். தோழர் தன் கடையிலிருந்து எனக்கு ஒரு சேலையும் அவருக்கு ஒரு வேட்டியும் கொண்டுவந்து, "பொம்பிளை மாப்பிளை ரெண்டு பக்கமும் நான்தான்," என்றார்.

பதிவாளர் எங்களைக் கண்டதும் சிரித்தார். விபரங்களை மறுபடி வாசித்தார். அந்தச் சொல் வந்ததும் நிறுத்தி, என் கணவரைப் பார்த்தார்.

"ஐயா, நான் ஒண்டு சொல்லிப் போட்டு வைக்கிறன்," என்றார் இவர். "நாங்கள் முந்தியே கட்டினனாங்கள். அது நடந்தது. இது அதைப் பதியிறது."

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். "நீங்கள் சொன்னதை நான் கேட்டன் தம்பி. நான் மட்டுமில்லை, உங்கட பிள்ளையும் கேட்டிட்டா. எழுதத்தான் எனக்கு இதில இடமில்லை."

இவருக்கு அது போதுமாக இருந்தது. உட்கார்ந்தார்.

பிறகு பதிவாளர் சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். என்னிடம் முதலில். என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இவரை என் கணவராக ஏற்கிறேனா என்று. தினமும் எத்தனையோ பேரிடம் கேட்கிற கேள்வி. அவருக்கு அது பழகிய வசனம். எனக்கோ அது புதிது. ஓர் அரசாங்கம் என்னைப் பார்த்து உன் விருப்பம் என்ன என்று கேட்டது அதுதான் முதல் தரம். எங்களை முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்ததும் இதே அரசாங்கம்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அதை எழுதி வைத்தவர்கள் யாராயிருந்தாலும் அவர்கள் நன்றாயிருக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஓம், சம்மதம்," என்றேன்.

அவரிடம் கேட்டபோது பதில் வரவில்லை. பதிவாளர் அவருக்கு இடது பக்கமாக எழுந்து நின்று கேட்டிருந்தார். ஒருதரம் கேட்டார், இரண்டாந்தரமும் கேட்டார். இவர் நேரே பார்த்தபடி இருந்தார். பதிவாளரின் முகத்தில், இந்த மனிதர் இன்றைக்கும் எழுந்து போய்விடுவாரோ என்ற கலக்கம். மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் அவருடைய வலது காதுக்குக் கிட்டே குனிந்தேன்.

"இஞ்சருங்கோ. என்னைக் கட்டச் சம்மதமோ எண்டு கேக்கிறார்."

"ஓம்! ஓம்!" என்றார். காது கேளாதவர்கள் கத்துவதுபோல அவ்வளவு சத்தமாக. பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

கையெழுத்து வைத்தோம். தோழர் வைத்தார். கடைசியாக மகள் வைத்தாள். அவளுடைய முதல் சட்டபூர்வமான கையெழுத்து அதுதான். இவரோ "எனக்கு இது இரண்டாம் தாரம்" என்று கந்தோர் முழுக்கச் சொல்லித் திரிந்தார், மகள்தான் கையில் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

காணி அலுவல் அதன்பின் சிக்கலில்லாமல் முடிந்தது. மகளின் பிறப்புப் பதிவையும் இனித் திருத்தலாம் என்று பதிவாளர் சொன்னார். அவளிடம் கேட்டோம். அது அவளுடைய பதிவு. அவள்தான் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

அன்று மத்தியானம் முள்ளியவளையில் தோழரின் மனைவி எங்களுக்குப் புரியாணி ஆக்கிப் போட்டா. வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வாய்க்காலில் அன்று எங்கள் முறைத் தண்ணீர். அவர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு புறப்பட்டார்.

"இண்டைக்கும் போக வேணுமோ?" என்றேன்.

"தண்ணிக்குக் கலியாணம் தெரியாது," என்றார். நாலடி வைத்தவர் நின்று திரும்பினார். "நீரும் வாருமன். சும்மா கட்டில இரும். கதைச்சுக்கொண்டு தண்ணி கட்டுவன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு அவருடன் நடந்தேன்.